எட்டு வட்டுகளும் ஒரு தீபாவளி இரவும்

இம்மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, விண்மீன்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால், அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் இம்மன்றத்திலேயே பலர் உண்டு. நான் பட்டு அறிந்த பொருள் ஒன்று இருக்கிறது. கேட்பதற்குச் சிறிய பொருள்தான். ஆயினும் அறிவியல் பயிலும் நம்மில் பலர் இன்றோ நாளையோ அதைச் சந்தித்தே ஆகவேண்டும். ஆய்வுக்கூடத்தில் தரவுத்தளம் ஒன்றை வைத்து நடத்தும்போது, அதன் அடியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை எந்த முறையில் இணைத்து வைப்பது என்பதே அப்பொருள். அதைத் தவறாகச் செய்தால் என்ன இழப்பு நேரும் என்பதை நான் சென்ற ஆண்டு தீபாவளியன்று அறிந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் காற்றிலுள்ள நுண்தூசியை அளந்து வருகிறது. வளாகத்தின் பல இடங்களில் சிறு கருவிகள் உள்ளன. ஒவ்வொன்றும் வினாடிக்கு ஓர் அளவீட்டை அனுப்பும். ஒரு நிரல் அவற்றை வாங்கி, போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் எழுதும். அந்தக் கணிப்பொறியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அதில் 4 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டுகள் எட்டு இருந்தன. கோடைக் காலத்தில் 30 கருவிகளே இருந்தமையால் எல்லாம் நன்றாகவே நடந்தது. இப்பகுதியில் புகை மிகும் காலம் தீபாவளியை ஒட்டி வருவது. அதற்காகவே மேலும் 60 கருவிகளை வாங்கி வைத்து, மொத்தம் 90 ஆக்கினோம். அவற்றை இணைத்த அன்று மாலையே நான் ஊருக்கு இரயில் ஏறினேன்.

ஒன்பது நாள் கழித்து, அம்மா கட்டிக் கொடுத்த அதிரசப் பொட்டலத்துடன் திரும்பினேன். ஆய்வுக்கூடத்தில் வரைபடம் ஒன்று திரையில் இருந்தது. அதில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் வெறுமையாகக் கிடந்தது. தீபாவளி இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை அந்த வெறுமைக்குள் விழுந்துவிட்டது. முனைவர் பட்டத்துக்காக அந்த இரவின் புகையை ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்தவர், கட்டாக்கிலிருந்து வந்த மூத்த மாணவி ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரைத் ‘தீதி’ என்றே அழைப்போம். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அந்த இரவை மறுபடியும் அளக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார். முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

என்ன நேர்ந்தது? அதை விளக்க, வட்டு எவ்வாறு வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வட்டின் வேகம்

ஹார்ட் டிஸ்க் 1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் கணிப்பொறியுடன் உலகுக்கு வந்தது. அதில் ஐம்பது பெரிய தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று கையகலப் பெட்டி ஒன்றில் அதைப் போல் பல இலட்சம் மடங்கு அடங்குகிறது. கொள்ளளவு இவ்வாறு வளர்ந்ததே தவிர, தட்டு சுழல்வதும் ஊசி நகர்வதும் அதே அளவில் விரைவுபடவில்லை. இதுவே நம் சிக்கலின் வேர்.

கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி ஆகும். வேண்டிய இடம் ஊசியின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல். ஊசி உரிய தடத்துக்கு நகர ஏறக்குறைய 8 மில்லி வினாடி. இரண்டையும் கூட்டினால் 12 அல்லது 13 வருகிறது. ஆகவே, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் இடங்களை நாடினால், ஒரு வட்டு வினாடிக்கு ஏறக்குறைய 80 வேலைகளையே செய்யும். அதே வட்டு, தொடர்ச்சியாகக் கிடப்பதைப் படிக்கும்போது வினாடிக்கு 150 மெகாபைட் வரை எளிதாகத் தருகிறது. தரவுத்தளமோ பெரும்பாலும் சிதறிய இடங்களையே நாடுவது. போஸ்ட்கிரஸ் 8 கிலோபைட் கொண்ட சிறு பக்கங்களாகவே எதையும் எடுக்கும், வைக்கும். எனவே, வட்டின் விளம்பரத்தில் காணும் மெகாபைட் கணக்கை நம்பி இறங்குபவர் ஏமாறுவர்.

மூன்று வழிகள்

ஒரு வட்டு போதாதெனில் பல வட்டுகளைச் சேர்க்கலாம். சேர்க்கும்போது, ஒன்று பழுதானாலும் தரவு அழியாதிருக்க வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் இதற்கான முறைகளை வகைப்படுத்திக் காட்டினர். விலை குறைந்த வட்டுகள் பலவற்றைச் சேர்த்து, மிகைப்படி வைத்துக் காக்கும் அணி என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ‘ரெய்டு’ என்று வழங்குகின்றன.

இதை நம் விடுதி மெஸ் கணக்கைக் கொண்டு விளக்குகிறேன். எட்டு நோட்டுப் புத்தகங்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள்.

முதல் வழி: நான்கு நோட்டுகளில் கணக்கை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேர் படி ஒன்றை மற்ற நான்கில் எழுதி வைப்பது. ஒரு நோட்டு தொலைந்தால் அதன் இணையைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு செலவை எழுத இரண்டு முறை எழுத வேண்டும். பாதி நோட்டுகள் படிக்கே போய்விடும். இதுவே ரெய்டு 10.

இரண்டாம் வழி: ஏழு நோட்டுகளில் கணக்கு, எட்டாவதில் வரிக்கு வரி கூட்டுத்தொகை. ஒரு வரியில் 40, 25, 60, 30, 55, 20, 70 என்று இருந்தால், எட்டாவது நோட்டில் 300. அறுபது எழுதிய நோட்டு தொலைந்தது என்று வையுங்கள். எஞ்சிய ஆறும் சேர்ந்து 240. முந்நூறில் கழித்தால் 60 கிடைத்துவிடும். எட்டில் ஒரு நோட்டு மட்டுமே காவலுக்குச் செலவாகிறது. எவ்வளவு சிக்கனம்! கணிப்பொறி கூட்டலுக்குப் பதிலாக, இரும எண்களில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று குறிக்கிறது, கருத்து ஒன்றே. கூட்டுத்தொகை முழுவதும் ஒரே நோட்டில் இருந்தால் எல்லோரும் அதற்கே முந்துவர். ஆதலால் பக்கத்துக்குப் பக்கம் அதை வெவ்வேறு நோட்டில் மாற்றி மாற்றி எழுதுவர். இது ரெய்டு 5. 

மூன்றாம் வழி: கூட்டுத்தொகையோடு, வேறொரு கணக்கு முறையில் இன்னொரு சரிபார்ப்புத் தொகையும் எழுதுவது. எந்த இரண்டு நோட்டுகள் தொலைந்தாலும் மீட்கலாம். இது ரெய்டு 6.

காவல் ஏதுமின்றி எட்டிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0 என்பதும் உண்டு. ஒன்று போனால் எல்லாம் போயிற்று. போனாலும் கவலையில்லை என்னும் தற்காலிகக் கோப்புகளுக்கே அது ஏற்றது.

சிக்கனத்தின் விலை

இப்போது இரண்டாம் வழியில் ஒரு செலவைத் திருத்திப் பாருங்கள். 25 என்பதை 35 ஆக்க வேண்டும். பழைய 25ஐப் படிக்க வேண்டும். பழைய கூட்டுத்தொகை 300ஐப் படிக்க வேண்டும். 35 என்று எழுத வேண்டும். 310 என்று எழுத வேண்டும். ஒரு திருத்தத்துக்கு நான்கு வேலைகள். மூன்றாம் வழியில் ஆறு. முதல் வழியில் இரண்டே. படிப்பதற்கு மட்டும் எம்முறையிலும் ஒரு வேலைதான்.

எங்கள் எட்டு வட்டுகளும் சேர்ந்து வினாடிக்கு 640 வேலைகள் செய்யும். எழுதுவது மட்டுமே வேலையாயின், ரெய்டு 10 வினாடிக்கு 320 எழுத்துகளை ஏற்கும். ரெய்டு 5 160. ரெய்டு 6 ஏறக்குறைய 107. நூற்றுக்கு எழுபது படிப்பும் முப்பது எழுத்துமாக இருந்தால், முறையே 492, 337, 256 என்று வரும். படிப்பே முழுவதும் எனில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, ‘எந்த ரெய்டு சிறந்தது?’ என்ற கேள்விக்கு விடை இல்லை. ‘என் தரவுத்தளம் எவ்வளவு படிக்கிறது, எவ்வளவு எழுதுகிறது?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நான் அதைக் கேட்கவில்லை. ரெய்டு 10 வைத்தால் கிடைப்பது 16 டெராபைட். ரெய்டு 5 வைத்தால் 28. பெரிய எண்ணைக் கண்டு மயங்கி இரண்டாவதைத் தேர்ந்தேன். எங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அன்று ஒரு தாளில் கணக்குப் போட்டிருக்கலாம். வினாடிக்கு 90 அளவீடு என்றால் ஒரு நாளைக்கு 77 இலட்சத்து 76 ஆயிரம். ஒன்றுக்கு, சுட்டியும் சேர்த்து, 140 பைட் எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 400 ஜிகாபைட். அந்த 28 டெராபைட் நிரம்ப எழுபது ஆண்டுகள் ஆகும்! எழுபது ஆண்டுக்கான இடத்தைச் சேர்த்து வைத்துவிட்டு, ஓர் இரவை இழந்தேன். பேராசை பெருநட்டம் என்று பள்ளியில் படித்தது எனக்காகவே சொன்னது போலும்.

பதிவேட்டின் கதை

இழப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தரவுத்தளம், தரவுப் பக்கத்தை மாற்றுவதற்கு முன், ‘இன்ன மாற்றம் செய்யப் போகிறேன்’ என்று ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். அது வட்டில் உறுதியாகப் பதிந்த பின்னரே ‘முடிந்தது’ என்று விடை தரும். நடுவில் மின்சாரம் நின்றாலும், மறுபடி எழும்போது பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பதிவேடு வரிசையாக எழுதப்படுவது. தரவுப் பக்கங்களோ சிதறி எழுதப்படுவன. இரண்டையும் ஒரே வட்டு அணியில் வைத்தால், ஊசி பதிவேட்டுக்கும் தரவுக்குமாக ஓடி ஓடிக் களைக்கும்.

எங்கள் நிரலோ, ஒவ்வோர் அளவீட்டையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை வரும் வரை காத்திருந்தது. பின்னர் அளந்து பார்த்தபோது, ஒரு விடைக்குச் சராசரியாக 20 மில்லி வினாடி ஆனது. அதாவது வினாடிக்கு 50. கருவிகள் 30 இருந்தவரை இது போதும். 90 ஆனதும், வினாடிக்கு 40 அளவீடுகள் வரிசையில் தேங்கின. ஏழு மணி நேரத்தில் அவை பத்து இலட்சமாகி, நினைவகத்தை நிரப்பின. நிரல் நின்றது, தானாக மறுபடி தொடங்கியது, தேங்கியிருந்த பத்து இலட்சமும் அழிந்தன. அதுவே வரைபடத்தில் மூன்று மணி நேர வெறுமை.

காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது ஐ.ஓ.ஸ்டாட் என்னும் எளிய கருவி. யாரும் தரவுத்தளத்தில் எதையும் தேடாத நள்ளிரவில் அதை ஓட்டிப் பார்த்தேன். எழுதுவதற்கு ஈடாக வட்டுகள் படித்துக்கொண்டும் இருந்தன! யாரும் கேட்காதபோது ஏன் படிக்க வேண்டும்? பழைய எண்ணையும் பழைய கூட்டுத்தொகையையும் தேடிப் படித்த படிப்பு அது. மெஸ் நோட்டு உவமை எனக்குத் தோன்றியது அந்த இரவில்தான்.

செய்த திருத்தங்கள்

முதலில் நிரலைத் திருத்தினேன். ஒரு வினாடிக்குள் வரும் 90 அளவீடுகளையும் ஒரே தொகுப்பாக எழுதி, ஒரே விடைக்குக் காத்திருக்கச் செய்தேன். இயந்திரம் திடீரென நின்றால் ஒரு வினாடி அளவீடு போகலாம். அதைத் தீதி ஏற்றுக்கொண்டார். அன்றிரவே தேக்கம் கரைந்தது. இதை நான் மறைக்கக் கூடாது: வட்டைக் குறை கூறும் முன் நிரலைப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத மருந்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஆயினும் முழு நோயும் தீரவில்லை. தேங்கிய தரவுப் பக்கங்களைத் தரவுத்தளம் அவ்வப்போது மொத்தமாக வட்டுக்கு அனுப்பும்போது எல்லாம் தடுமாறின. இருவர் மூவர் ஒரே நேரத்தில் தேடினாலும் தடுமாறின. ஆகவே, தரவை வேறிடத்தில் படி எடுத்துவிட்டு, அணியைக் கலைத்து மறுபடி அமைத்தேன். இரண்டு வட்டுகள் ஒன்றுக்கொன்று நேர் படியாகப் பதிவேட்டுக்கு. மற்ற ஆறும் ரெய்டு 10 ஆகத் தரவுக்கு. 28 டெராபைட் 12 ஆகச் சுருங்கியது. அதுவும் எங்களுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் போதும். வட்டுகளில் பிரித்து எழுதும் துண்டின் அளவையும் தரவுத்தளப் பக்கத்தைவிடப் பல மடங்கு பெரிதாகவே வைத்தேன். 8 கிலோபைட் பக்கம் ஒன்றை எடுக்க இரண்டு வட்டுகள் ஓடக் கூடாது அல்லவா?

மார்ச்சு மாதத்தில் தரவு வட்டு ஒன்று பழுதாயிற்று. புதியதை மாட்டினேன். ரெய்டு 10இல் அதன் இணை வட்டு ஒன்றை மட்டும் படித்தால் போதும். 4 டெராபைட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் படித்தாலும் ஏழரை மணி நேரம் ஆகும்; மறுநாள் காலைக்குள் முடிந்தது. அந்நேரத்தில் இன்னொரு வட்டு போயிருந்தால்? எஞ்சிய ஐந்தில் அந்த ஓர் இணை வட்டு போனால் மட்டுமே ஆபத்து. பழைய ரெய்டு 5 அமைப்பில், எஞ்சிய ஏழு வட்டுகளையும் முழுமையாக, 28 டெராபைட் அளவும், படித்தாக வேண்டும். ஏழில் எது போனாலும் எல்லாம் அழியும். பல சாதாரண வட்டுகளுக்கு, 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படிப்பதற்குள் ஒரு படிப்புப் பிழைக்கு மேல் வராது என்றே உற்பத்தியாளர் உறுதி தருகின்றனர். அது 12.5 டெராபைட் மட்டுமே. வட்டுகள் நடைமுறையில் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன என்றாலும், பெரிய வட்டுகளில் ரெய்டு 5 வைக்க அறிந்தவர்கள் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

இதனால் ரெய்டு 5, 6 ஆகியவை பயனற்றவை என்று கொள்ளற்க. பழைய அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் கிடங்குக்கும், பெரிய கோப்புகளை ஒரே தொடர்ச்சியாக எழுதும் வேலைக்கும் அவை நல்லவை. ஒரு வரி முழுவதையும் ஒரே நேரத்தில் எழுதும்போது பழையதைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. எந்த இரண்டு போனாலும் தாங்கும் வகையில் ரெய்டு 6, ரெய்டு 10ஐவிட உறுதியானதுங்கூட. மின்கலக் காவலுள்ள இடைநினைவகம் கொண்ட கட்டுப்பாட்டு அட்டை இருந்தால், சிறு எழுத்துகளை அது தாங்கிக்கொண்டு சேர்த்து எழுதும். ரெய்டு 5இன் சுமையும் குறையும். காவலில்லாத இடைநினைவகத்தை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் போனால், ‘முடிந்தது’ என்று சொன்னதும் பொய்யாகிவிடும்.

சுழலும் வட்டு எதற்கு, எஸ்.எஸ்.டி. வாங்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகவே சிதறிய வேலைகளை வினாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் செய்கிறது. பணம் இருந்தால் தரவுத்தளத்துக்கு அதையே வாங்குங்கள். பணம் குறைவானால் பதிவேட்டுக்கும் அடிக்கடி தேடும் பகுதிக்கும் மட்டுமாவது வாங்குங்கள். ஆனால், மின்சாரம் திடீரென நின்றாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கும் காவல் அமைந்த வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் பழுதாகும், ஆகவே, அதற்கும் இணை ஒன்று வேண்டும்.

இறுதியாக ஒன்று. எந்த ரெய்டும் காப்புப் படி ஆகாது. தவறுதலாக ஓர் அட்டவணையை நீங்கள் அழித்தால், ரெய்டு 10 அந்த அழிவையும் இரண்டு வட்டுகளில் ஒழுங்காக எழுதி வைக்கும். காப்புப் படி வேறொரு கணிப்பொறியில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, வட்டு அணி ஒன்றை அமைக்க உட்காரும்போது நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி விடை காணுங்கள். வினாடிக்கு எத்தனை படிப்பு, எத்தனை எழுத்து? ஆண்டுக்கு எவ்வளவு இடம்? ஒரு வட்டு போனால் மீள எத்தனை மணி நேரம்? மின்சாரம் நின்றால் எது அழியும்? அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தை நான் செலவிடவில்லை.

தீதியின் ஆய்வேடு இப்போது தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. தீபாவளி இரவின் வரைபடத்தில் எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவே கோடு இல்லை. ‘அளவீடு கிடைக்கவில்லை’ என்று அதன் கீழே ஒரு சிறு வரி இருக்கிறது. அவ்வளவுதான்; காரணம் எழுதப்படவில்லை. இவ்வாண்டு தீபாவளிக்கு நான் ஊருக்குச் செல்லவில்லை.